சரணத்துக்கு முன்னால் வரும் விசில்

14-5-2004, வெள்ளி

நாளை கோவில்பத்து திருவிழாவில் இன்னிசைக் கச்சேரி. சாயங்காலம் மேடையில் ஒத்திகை பார்த்தார்கள். ஒரு பழைய சினிமாப் பாட்டில் சரணத்துக்கு முன்னால் வரும் விசில் மட்டும் கீபோர்டில் சரியாக வரவில்லை. சுற்றி ஐந்நூறு பேர், சரி, ஐம்பது பேர் இருந்தார்கள்.

"தம்பி, ரெக்கார்டிங்ல அந்த விசில அடிச்சதே நான்தான்" என்றேன். இருபது வருடமாகச் சொல்வதுதானே.

குழுத் தலைவர் கும்பிட்டார். "அப்ப நாளைக்கும் நீங்களே அடிச்சுடுங்கண்ணே." மைக்கிலும் அறிவித்துவிட்டார். தருமபுரத்துச் சம்பந்தி முன்வரிசையில் உட்காருவார். பெண் பார்க்க வந்தபோதே அவரிடம் இந்தக் கதையைச் சொல்லியிருக்கிறேன்.

ரெக்கார்டிங் நடந்த அன்று நான் ஸ்டுடியோ வாசலில்தான் நின்றேன். ஆனால் உள்ளே அடித்தவனைவிட எனக்கு நன்றாக வரும், சத்தியம். இப்போது முன்பல் நான்கும் கட்டின பல். இது என் மனைவிக்கு மட்டும்தான் தெரியும்.

கொல்லையில் அடித்துப் பார்த்தேன். காற்றுதான் வந்தது.

"பல்லக் கழட்டிட்டு ஊதுங்க" என்றாள் அவள்.

"சம்பந்தி பாத்துடுவாருடி."

"புளுகுறப்ப வராத வெக்கம் பல்லுக்கு வருதாக்கும்."

பல்லை டம்ளரில் போட்டுவிட்டு ஊதினேன். வந்தது. அதே மெட்டு, பிசகாமல். நாளை துண்டால் வாயை மறைத்துக்கொள்ள வேண்டியதுதான். ரெக்கார்டிங்கிலும் அப்படித்தான் அடித்தேன் என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.