இடப்பக்க இருக்கை

ஜார்ஜ்டவுன்
9 மார்ச் 2025

அன்புள்ள ஷாஹிரா,

பெர்த்தில் வெயில் தணிந்ததா? வாட்ஸ்அப்பில் சொன்னால் உடனே போன் போட்டுத் திட்டுவாய், அதனால்தான் ஈமெயில். போன வருடத்திலிருந்தே எனக்கு வலது தோள் வலிக்கிறது. அந்தப் பக்கம் சாய்ந்து படுக்க முடியாது. தலை பின்னக் கையைத் தூக்கினால் உயிர் போகிறது. மாத்திரை போட்டுக்கொண்டு துடுப்புப் போட்டேன். தசைநார் தேய்ந்து கிழியத் தொடங்கியிருப்பது இப்போது ஸ்கேனில் தெரிந்துவிட்டது. அறுவை வேண்டாமாம், பயிற்சி போதுமாம். ஆனால் மாதக்கணக்கில். அதுவரை டிராகன் படகில் ஏறக்கூடாது.

எனக்குச் சும்மா இருக்கத் தெரியவில்லை. பள்ளி விட்டு வந்தால் வீட்டுக்குள் நடந்துகொண்டே இருக்கிறேன். "உன்ன பாத்தா எனக்குத் தலை சுத்துது லா, கொஞ்சம் உக்காரு" என்கிறார் டெஸ்மண்ட். துடுப்பைக் காரில் பூட்டி வைத்துவிட்டார், இந்தப் புருஷன்.

டிசம்பர் பந்தயத்துக்கு நீ வரும்போது உன் பக்கத்தில், அதே இடப்பக்க இருக்கையில் நான்தான் இருப்பேன்.

உன் நவோமி

*

பெர்த்
12 மார்ச் 2025

அன்பு நவோமி,

நான் இங்கே குடிவரும்வரை இத்தனை வருடம் படகில் ஒரே பலகையில் ஜோடியாக உட்கார்ந்தோம். என் முழங்காலில் நீ இடிக்காத ஞாயிறு இல்லை. இதைச் சொல்ல மட்டும் உனக்கு வாய் வரவில்லை. கோபமாகத்தான் எழுதுகிறேன்.

சலித்தாலும் டாக்டர் சொன்னதைச் செய். நான் டிக்கெட் போட்டுவிட்டேன். பிள்ளைகளை அவர் பார்த்துக்கொள்வார். இங்கே ஆற்றில் ஒரு குழுவோடு பயிற்சி செய்கிறேன். பக்கத்தில் இருப்பவள் நல்லவள், ஆனால் வாயே திறப்பதில்லை. அப்போதெல்லாம் உன் நினைப்புதான்.

துஆவுடன்,
ஷாஹிரா

*

ஜார்ஜ்டவுன்
20 மே 2025

ஷாஹிரா,

திட்டாதே. ரப்பர் பட்டையை இழுத்தேன், சுவரில் விரல்களைப் படிப்படியாக மேலே ஏற்றினேன், எல்லாம் ஒழுங்காகச் செய்தேன். வலியும் குறைந்தது. ஞாயிறு நம் குழு பயிற்சி செய்யும் தெலுக் பஹாங் அணைக்குச் சும்மா பார்க்கத்தான் போனேன். படகில் ஓர் இடம் காலியாக இருந்தது. ஏறிவிட்டேன். திரும்பும்போது கார் பெல்ட்டைக்கூட இழுக்க முடியவில்லை.

பிசியோ இஸ்ஸதி கோபிக்கவில்லை. "எல்லாம் போச்சுன்னு நெனைக்காதீங்க அக்கா. கொஞ்சம் கொறைச்சு, திரும்ப ஏத்துவோம். ஆனா வலி போனதும் தோள் தயார்னு நெனைச்சீங்களே, அதுதான் தப்பு" என்றாள்.

அதைவிடப் பெரிய வலி வேறு. கோச் என் இடத்தைக் கிறிஸ்டலுக்குக் கொடுத்துவிட்டார். வந்து ஒரு வருடம்கூட ஆகாத சின்னப் பெண். நீ அவருக்கு ஒரு வார்த்தை எழுது. நவோமி இல்லாமல் ஏற மாட்டேன் என்று சொல். நீ சொன்னால் தட்டமாட்டார்.

நவோமி

*

பெர்த்
23 மே 2025

அன்பு நவோமி,

எழுதமாட்டேன். உனக்காக அந்த இடம் காத்திருக்கிறது என்று தெரிந்தால், தோள் ஆறுவதற்கு முன்பே நீ போய் உட்கார்ந்துவிடுவாய். உன்னை எனக்குத் தெரியும். என் உம்மா வலியை மறைத்து மறைத்தே கடைசியில் ஒரு கையைத் தூக்க முடியாமல் போனார். இன்னொருத்தியை அப்படிப் பார்க்க என்னால் முடியாது.

டிசம்பரில் நான் கிறிஸ்டலோடுதான் துடுப்புப் போடுவேன். கோபம் வந்தால் கோபித்துக்கொள்.

ஷாஹிரா

*

ஜார்ஜ்டவுன்
30 நவம்பர் 2025

அன்புள்ள ஷாஹிரா,

நீ அனுப்பிய எல்லாவற்றையும் படித்தேன். பதில் எழுதத்தான் மனம் வரவில்லை. நான் முடிந்துபோனவள் என்று நீயும் முடிவு கட்டிவிட்டாய் என்றே நினைத்தேன்.

போன வாரம் மேல்தட்டிலிருந்து பெரிய சட்டியை எடுத்தேன். அடுப்பில் வைத்த பிறகுதான் வலிக்கவில்லை என்பது உறைத்தது. அப்படியே நின்றுவிட்டேன். கரும்பலகையில் அதிகம் எழுதினால் இன்னும் வலிக்கிறது. அது கொஞ்சநாள் கூடவே இருக்கும் என்கிறாள் இஸ்ஸதி. படகில் அரைமணி நேரம், மெதுவாக, அனுமதி கிடைத்திருக்கிறது.

முந்தாநாள் கோச் போன் செய்தார். பந்தயத்துக்குப் பின்வரிசையில் ஓர் ஆள் குறைகிறதாம், "வர்றியா நவோமி?" என்றார். கால் தானாக வாசல்வரை போய்விட்டது. "இந்த வருஷம் வேணாம் சார்" என்றேன். சொல்லிவிட்டு அழுதேன். ஆனால் மாற்றிச் சொல்லவில்லை.

பந்தயத்தன்று கரையில் இருப்பேன். கிறிஸ்டல் நல்ல பெண்தான், பதற்றப்பட்டால் மட்டும் தாளம் முந்தும். முழங்காலால் ஓர் இடி கொடு, சரியாகிவிடுவாள். கடைசி நூறு மீட்டரில் நீ மூச்சைப் பிடித்துக்கொள்வாய், அதை அவளிடம் சொல்லியிருக்கிறேன். "மூச்சு விடுங்கக்கா" என்று கத்துவாள். கேள்.

உன் நவோமி