அண்ணி அழித்த புள்ளிகள்

மார்ச் 4

அன்புள்ள கொழுந்தனாருக்கு,

அண்ணி எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். உங்கள் அண்ணன் தூக்கத்தில் மட்டும் சத்தம் போடுகிறார். குவாரியில் வெடி வைக்கிற இடத்தில் போன் ஆகாது என்று கடிதத்திலேயே என்னை வேலை வாங்குகிறீர்கள். இருக்கட்டும்.

இயக்கவியல் பாடம் கேட்டீர்களே, நம் கடையில் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டே இணையத்தில் தேடினேன். ஆயிரம் வாத்தியார்கள் கத்துகிறார்கள். அஞ்சாவதோடு நின்றவளுக்கு எது நல்லதென்று எப்படித் தெரியும்? ஒருவர் போர்டில் கணக்கைத் தப்பாகப் போட்டார், சிரித்தார், அழித்துவிட்டு முதலிலிருந்து போட்டார். உங்களுக்கு இவர்தான் சரி. அவர் இலவசமாகப் போட்டிருந்த பாடக் குறிப்பை அச்சடித்தேன்.

நம் பிரிண்டர் எழுத்துகளின் தலையில் புள்ளி புள்ளியாக மை துப்பியிருந்தது. க், ங் என்று புள்ளி வைக்க அது என்ன தமிழா? ஒவ்வொன்றாக வெள்ளை மை வைத்து அழித்து, சுத்தமாக நகல் எடுத்து அனுப்பியிருக்கிறேன். இங்கிலீஷில் 'ஐ'க்குப் புள்ளி உண்டென்று எனக்குத் தெரியும். அதை மட்டும் விட்டுவைத்தேன்.

இது கடைசி வாய்ப்பு, தவறினால் டிப்ளமோவே போச்சு என்றீர்கள். போகாது.

அன்புடன்,
அண்ணி

மார்ச் 19

அன்புள்ள அண்ணிக்கு,

அது மை இல்லை அண்ணி. தலையில் ஒரு புள்ளி இருந்தால் வேகம். இரண்டு இருந்தால் வேகம் மாறுகிறது என்று அர்த்தம். நீங்கள் அழித்த அழிப்பில் உலகமே அசையாமல் நிற்கிறது. பரீட்சை அடுத்த மாதம். நான் என்ன செய்வேன்?

வருத்தத்துடன்,
கொழுந்தன்

மார்ச் 27

கொழுந்தனாரே,

படித்ததும் அந்தக் குறிப்பைத் திரும்ப அச்சடித்தேன். "உன் சுத்தத்துல இடி விழ" என்று உங்கள் அண்ணன் வாழ்த்தினார். புது நகல் இந்தக் குவாரி லாரியிலேயே வருகிறது. புள்ளி எதையும் தொடவில்லை. தாளில் ஒரு கொசு விழுந்திருந்தது, அதையும் தொடவில்லை.

அண்ணி

ஏப்ரல் 9

அன்புள்ள அண்ணிக்கு,

லாரி வரும்வரை சும்மா இருக்க முடியவில்லை. நானே பேனாவால் புள்ளி வைத்தேன். எது நிற்கிறது, எது ஓடுகிறது என்று வரிக்கு வரி யோசித்தால்தான் வைக்க முடிந்தது. இத்தனை வருஷம் மனப்பாடம் செய்தேன், புரியவில்லை. இப்போது புரிகிறது. புது நகலோடு ஒப்பிட்டேன். சில இடம்தான் தப்பு. உங்கள் வாத்தியார் மாதிரியே சிரித்தேன், அழித்தேன், திரும்பப் போட்டேன். கொசுவும் பத்திரமாக வந்து சேர்ந்தது.

கொழுந்தன்

ஜூன் 2

டிப்ளமோக்காரக் கொழுந்தனாருக்கு,

ஆமாம், சரியாகத்தான் படித்தீர்கள். காலையில் இணையத்தில் உங்கள் பரீட்சை எண்ணைப் போட்டுப் பார்த்தேன். இயக்கவியல், தேர்ச்சி. கண் மேல் நம்பிக்கையில்லாமல் அச்சடித்தும் பார்த்தேன். உங்கள் அண்ணன் அதை எடுத்துக்கொண்டு, கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் "என் தம்பி" என்று நீட்டினார். அவசரமாக ஒரு பக்கம் நகல் கேட்டு வந்தவரும் தப்பவில்லை. நான் அழித்ததால்தான் நீங்கள் பாஸ் என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டேன். மறுத்து எழுதினால் அடுத்த பரீட்சைக்கு வேறு அண்ணியைத் தேடிக்கொள்ளுங்கள்.

மத்தியானம் ஒருவர் நகலெடுக்க அடையாள அட்டை கொண்டுவந்தார். படத்தில் அவர் நெற்றிக்கு மேலே ஒரு புள்ளி. பழக்க தோஷம், கை வெள்ளை மையை எடுத்துவிட்டது. பிறகு வைத்துவிட்டேன். பாவம், எங்கோ ஓடிக்கொண்டிருக்கிற மனுஷன், நாம் ஏன் நிறுத்த வேண்டும்?

அன்புடன்,
அண்ணி