தலையாட்டாமல் கேட்டவளுக்கு

இன்று காலை காஸ் தீர்ந்துபோனது. எப்போதும் நம் மகள்தான் மாற்றுவாள், இன்று நானே சிலிண்டரை இழுத்தபோது அதன் பின்னால் இருந்த வெள்ளை டைலில் நீல மார்க்கரில் எழுதிய ஒரு வரி கண்ணில் பட்டது. வலப்பக்கம் பார்த்து ஓர் அம்புக்குறி, அதன் கீழே இடப்பக்கம் பார்த்து இன்னொன்று, இரண்டு பக்கமும் ஆங்கில எழுத்துகள். நம் வினோவின் கையெழுத்து. நீ ஒவ்வொரு நாளும் சமையல் முடிந்ததும் சுவரைத் துடைத்துவிடுவாய். சிலிண்டர் மறைத்ததால் இந்த ஒரு வரி மட்டும் உன் துணிக்குத் தப்பிவிட்டிருக்கிறது. குனிந்து உட்கார்ந்தவன் எழுந்திருக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. முழங்கால் வலி என்று வைத்துக்கொள். புதுச் சிலிண்டரை அதே இடத்தில் தள்ளி வைத்துவிட்டுக் கடை வேலைக்குப் பஸ் ஏறினேன். பஸ்ஸில் உட்கார்ந்ததும் உனக்கு எழுதவேண்டும்போல் இருந்தது.

வினோ பேராதனை கேம்பஸுக்கு எடுபட்டபோது நாம் நம் லைன் வீடுகளில் ஒன்று விடாமல் பால்சோறு கொடுத்தோம். கெலிஓயாவிலிருந்து பேராதனைக்கு எத்தனை நிமிஷம் என்று தெரியாதவர்களுக்கும் நான் கூப்பிட்டுச் சொன்னேன். நம் பிள்ளை விஞ்ஞானம் படிக்கிறாள் என்று கடையில் சேலை வாங்க வந்தவர்களிடமும் சொன்னேன். மூன்றாவது மாதம் முதல் டெஸ்ட் வந்தது. இரசாயனத்தில் நூற்றுக்கு இருபத்தெட்டு. உயர்தரம் வரைக்கும் தமிழில் படித்த பிள்ளை. அங்கே லெக்சர் முழுக்க இங்கிலீஷ். கொடுத்த தாள்களை வரிக்கு வரி மனப்பாடம் செய்துகொண்டு போய், கேள்வியைக் கொஞ்சம் திருப்பிக் கேட்டதும் மலைத்துப்போய் உட்கார்ந்திருக்கிறாள். அன்றைக்குச் சேலை வாங்க வந்தவர்களிடம் நான் சேலையைப் பற்றி மட்டும் பேசினேன்.

'குப்பி' என்ற சொல்லை நம் வீட்டுக்குக் கொண்டுவந்தவளும் அவள்தான். லெக்சரில் விளங்காததை, விளங்கிய பிள்ளை மற்றப் பிள்ளைகளைக் கூட்டி வைத்துச் சொல்லிக்கொடுப்பதற்கு கேம்பஸில் அந்தப் பெயராம். பரீட்சை நெருங்கினால் காலி வகுப்பு, மரத்தடி, கென்டீன் எல்லா இடத்திலும் குப்பிதானாம். இவளும் போய் உட்கார்ந்தாள்.

"கேக்கிற நேரம் வெளங்குதும்மா. வீட்டுக்கு வந்தா ஒண்ணுமே இல்ல. குப்பி குடுக்கிற அக்காவுக்குத்தான் எல்லாம் நல்லா ஏறுது" என்று அவள் சொன்னபோது நீ தேங்காய் துருவிக்கொண்டிருந்தாய்.

"அப்ப நீயும் குடேன்."

"யாருக்குக் குடுக்க? எனக்கே தெரியாது, யாரு வந்து உக்காருவா?"

"நான் உக்காருறேன். தேங்கா துருவுற நேரம் என் காது சும்மாதானே இருக்கு?"

அப்படித்தான் நம் அடுப்படி வகுப்பாயிற்று. சுவர் பலகையாயிற்று. எட்டாம் வகுப்போடு நின்றவள் நீ. பல்கலைக்கழகத்து முதலாம் வருஷம் உன்னிடம் வந்து நின்றது. உனக்கு ஒரே ஒரு சட்டம்தான்: இங்கிலீஷில் சொல்லக்கூடாது. "தமிழ்ல சொல்ல வரலன்னா, உனக்கே அது வெளங்கலன்னு அர்த்தம்" என்பாய். அவள் திணறுவாள், தலையைச் சொறிவாள், ஒரு சொல்லைப் பிடிப்பதற்குள் சோறு வெந்துவிடும். நீ அவசரப்படுத்தமாட்டாய். விளங்காதவரைக்கும் உன் தலை அசையவே அசையாது.

சமநிலை என்ற அந்த இரண்டு அம்புக்குறிப் பாடம் படித்த நாளை நான் மறக்கவில்லை. முன்னறையில் பத்திரிகையை விரித்து வைத்துக்கொண்டு நான் ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்தேன். இரண்டு பக்கமும் மாற்றம் நடந்துகொண்டே இருக்கும், ஆனால் பார்த்தால் ஒன்றும் நடக்காத மாதிரி இருக்கும் என்றாள் அவள்.

"நடக்குதுன்னா நடக்கிறது தெரியணும்ல?"

"தெரியாதும்மா. அந்தப் பக்கம் போறதும் இந்தப் பக்கம் வாறதும் ஒரே அளவு."

நீ அகப்பையை வைத்துவிட்டு யோசித்தாய். பிறகு சொன்னாய்: "பேராதனையில பஸ் நிக்குது. அஞ்சு பேரு எறங்குறாங்க, அஞ்சு பேரு ஏறுறாங்க. பஸ்ல கூட்டம் அப்படியேதான் இருக்கு. ஆனா என் பக்கத்துல இருந்தது இப்ப வேற ஆளு. அப்படியா?"

வினோ மார்க்கரைப் பிடித்தபடி நின்றாள். "அம்மா, எங்க லெக்சரர் இத ஒரு மணித்தியாலம் சொன்னாரு."

எனக்குப் பொறாமை, வேறென்ன? "ரெண்டு புரொபசர்மாருக்கும் பசிக்கலையா? எனக்குச் சோறு எந்த செமஸ்டர்ல கெடைக்கும்?" என்று முன்னறையிலிருந்து குரல் கொடுத்தேன்.

"ஓ லெவல் பரீட்சையில கணக்குல ரெண்டு தடவ விழுந்தவங்களுக்கு இங்க எடமில்ல. பேசாம பேப்பரப் படிங்க" என்றாய். நீங்கள் இருவரும் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

முதல் செமஸ்டர் முடிவு வந்தபோது இரசாயனத்தில் 'பி'. நீ அதை ஒரு பெரிய விஷயமாகவே எடுக்கவில்லை. "அடுத்ததுக்கு என்னா பாடம்?" என்று கேட்டாய்.

அடுத்ததற்கு நீ இருக்கவில்லை. பரீட்சைக்கு மூன்று வாரம் இருக்கும்போது ஆஸ்பத்திரிக்குப் போனாய். பதினொரு நாள். வினோவோடு படிக்கிற பெட்ச் பிள்ளைகள் இரசாயனப் பேப்பர் எழுதிக்கொண்டிருந்த காலையில் நாங்கள் உன் காரியத்துக்குச் சாமான் வாங்கிக்கொண்டிருந்தோம். தவறிய பேப்பரை அடுத்த வருஷம் கீழ் பெட்ச்சோடு சேர்ந்துதான் எழுதலாம் என்றார்கள். அவளுடைய கூட்டாளிகளின் குப்பி இரண்டாம் வருஷப் பாடங்களுக்குப் போய்விட்டது. கீழ் பெட்ச் தங்கச்சிமாரின் குப்பியில் போய் உட்கார இவளுக்கு வெட்கம். அறைக் கதவைச் சாத்திக்கொண்டு படித்தாள். வாய் மட்டும் அசைவது ஜன்னல் வழியாகத் தெரியும். பழையபடி மனப்பாடம்.

ஒரு மாதம் பார்த்தேன். ஒரு நாள் பின்னேரம் கதவைத் தட்டி, "வா, எனக்குச் சொல்லு. அம்மாவோட கதிரையில நான் உக்காருறேன்" என்றேன்.

சந்தேகமாகப் பார்த்தாள். ஆனாலும் மார்க்கரை எடுத்துக்கொண்டு வந்தாள்.

நான் செய்த பிழையை இப்போது சொல்கிறேன். நீ இருந்திருந்தால் முதல் நாளே பிடித்திருப்பாய். இருபத்திரண்டு வருஷம் புடவைக் கடையில் நின்றவன் நான். "இந்தக் கலர் எனக்கு எடுக்குமா?" என்றால் தலையாட்டவேண்டும். "போன தடவ வாங்கினது சாயம் போயிருச்சே" என்றாலும் தலையாட்டவேண்டும். என் கழுத்துக்கு வேறு வேலை தெரியாது. வினோ சொல்லச் சொல்ல, "ஆமா", "சரி", "அப்படியா", "நல்லாருக்கே" என்று ஆட்டிக்கொண்டே இருந்தேன். எனக்கு ஒன்றும் ஏறவில்லை. மார்க்கர் பிடிக்கும்போது அவள் விரல் உன் விரல் மாதிரி மடங்குவதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பிள்ளைக்கு உதவுகிறேன் என்ற நினைப்பு வேறு. கடையில் போய், "நாங்க ரெண்டு பேரும் கெமிஸ்ட்ரி படிக்கிறோம்" என்று சொல்லிவிட்டேன்.

இரண்டு வாரம் போயிருக்கும். பஃபர் கரைசல் என்று ஒன்றைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். குரல் ஒரே சீராகப் போய்க்கொண்டிருந்தது.

"இப்ப இந்த அமிலத்துல கொஞ்சம் உப்பக் கரைக்கணும். அதுக்குப் பெறகு நேத்து மிஞ்சின பருப்புக் கறிய ஊத்தணும். அதுல அப்பாவ முக்கி எடுத்தா நீலக் கலராயிருவாரு. வெளங்குதாப்பா?"

"ஆமா. சரி. அதுதானே முறை."

மார்க்கரின் மூடியைப் போட்டாள். முதலில் சிரிப்பு வந்தது அவளுக்கு. அந்தச் சிரிப்பு பாதியில் மாறிவிட்டது. "அம்மான்னா கேட்டிருப்பாங்க" என்றாள். அவ்வளவுதான். அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள்.

கதிரையில் உட்கார்ந்தே இருந்தேன். ஆஸ்பத்திரி வராந்தா ஞாபகம் வந்தது. டாக்டர் நல்ல மனுஷன், எனக்காகத் தமிழ் பேசக்கூடிய நர்ஸையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு பொறுமையாகச் சொன்னார். ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினேன். "ஏதாவது கேக்கணுமா?" என்றபோதும் இல்லை என்று ஆட்டினேன். உள்ளே வந்ததும் நீ, "என்னா சொன்னாரு?" என்றாய். "எல்லாம் சரியாகிருமாம்" என்றேன். அவர் அப்படிச் சொன்னாரா? இன்றுவரை எனக்குத் தெரியாது. நீ என் முகத்தையே பார்த்தாய். உன் தலை அசையவில்லை. பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாய். விளங்காததை விளங்கவில்லை என்று சொல்ல எனக்கு வாய் வந்திருந்தால், அந்தப் பதினொரு நாளில் உன்னோடு பேசவேண்டியவற்றைப் பேசியிருக்கலாம். வினோவையும் ஒரு நாள் கூட்டிவந்து பக்கத்தில் உட்கார வைத்திருக்கலாம். படிப்பு கெடும் என்று அவளை வீட்டில் நிறுத்தியவன் நான்தான்.

நாலைந்து நாள் அவள் என்னோடு பேசவில்லை. பேசவந்த அன்று கையில் நோட்டு இல்லை.

"அப்பா, நான் கேம்பஸ விட்டுறேன்."

நான் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தேன்.

"உங்க கடையில கேஷியருக்கு ஆள் தேடுறாங்கன்னு சொன்னீங்கள்ல? மொதலாளிகிட்ட கேளுங்க. எனக்கு இது ஏறாது. அம்மாவாலதான் ஏறுச்சு. சரியாப்பா?"

சத்தியமாகச் சொல்கிறேன், என் தலை ஆடத் தொடங்கியது. பழக்கதோஷம். கையில் இருந்த தட்டகப்பையை வைத்துவிட்டு, இரண்டு கையாலும் தாடையைப் பிடித்துக்கொண்டேன். பல்வலிக்காரன் மாதிரி இருந்திருக்கும்.

"என்னாப்பா செய்யுது?"

"எனக்கு வெளங்கல."

"எது? கேம்பஸ விடுறதா?"

"அதுவும் வெளங்கல. நீ மொத நாள்ல இருந்து சொல்லிக்குடுத்தது ஒண்ணுமே வெளங்கல. அந்தப் பஃபருன்னா என்னான்னு எனக்கு இந்த நிமிஷம் வரைக்கும் தெரியாது. பொய்யாத்தான் தலையாட்டினேன். ஆஸ்பத்திரியிலயும் அப்படித்தான் ஆட்டினேன், புள்ள."

ரொட்டி கருகிற வாசம் வந்தது. அவள் எட்டி அடுப்பை அணைத்தாள். பிறகு மார்க்கரைத் தேடி எடுத்தாள். முதுகைக் காட்டி நின்றது மார்க்கரைத் தேடவா, முகத்தைத் துடைக்கவா என்று நான் பார்க்கவில்லை.

சொன்னாள். நான் அசையாமல் இருந்தேன். கழுத்து நோவெடுத்தது. கொஞ்சம் அமிலம் ஊற்றினாலும் அந்தக் கரைசலின் புளிப்பு அவ்வளவாக மாறாது என்றாள். ஏன் என்று கேட்டேன். சொன்னாள். வெளங்கல என்றேன். திரும்பச் சொன்னாள். மூன்றாம் தடவை சொன்னபோது எனக்குள் ஏதோ ஒன்று இலேசாகத் தட்டுப்பட்டது.

"அப்ப எவ்வளவு ஊத்துனாலும் மாறாதா?"

"கொஞ்சம்னா மாறாது."

"கொஞ்சம்னா எவ்வளவு? எதுக்கு மேல அது கைய விடும்?"

"அது... இருங்க." உள்ளே ஓடி நோட்டை எடுத்துவந்து புரட்டினாள். புரட்டிக்கொண்டே இருந்தாள். அந்தப் பக்கத்தை அவள் மனப்பாடம் செய்திருந்தாள், ஒரு நாளும் யோசித்திருக்கவில்லை. தரையில் உட்கார்ந்து கணக்குப் போட்டு, ஒரு மணித்தியாலம் கழித்து என்னைக் கூப்பிட்டாள். "இங்க பாருங்கப்பா, இதுக்கு மேல ஊத்துனா டக்குன்னு மாறிரும்." கருகின ரொட்டியைச் சுரண்டித் தின்றுகொண்டே அன்றைக்குப் பாடம் படித்தோம். கேஷியர் வேலையைப் பற்றி அதன் பிறகு அவள் கேட்கவில்லை. முதலாளிக்கு வேறு ஆள் கிடைத்தது.

பத்து மாதம் அப்படிப் போனது. உன்னைப்போல் அழகாகக் கேட்க எனக்கு வரவில்லை. பாதிக் கேள்வி மடத்தனமான கேள்வி. "அப்பா, இத அம்மா ஒரு தடவையில பிடிச்சிருப்பாங்க" என்று சலித்துக்கொள்வாள். "உங்க அம்மா எட்டாம் வகுப்பு, நான் வெறும் ஓ லெவல்தானே" என்பேன். பேப்பர் எழுதினாள். 'சி' வந்தது. திரும்ப எழுதுகிறவர்களுக்கு அதற்கு மேல் போடமாட்டார்களாம், எவ்வளவு நன்றாக எழுதினாலும். அந்த 'சி'யை உனக்குச் சொல்லத்தான் அன்று முதலில் தோன்றியது. வீட்டுக்குள் போய் எங்கே நின்று சொல்வது என்று தெரியாமல், செருப்பைக்கூடக் கழற்றாமல் முன்னறையிலேயே நின்றேன்.

இந்த வருஷம் அவளுக்கு ஆய்வுகூட வேலை முடிய இருட்டிவிடுகிறது. விடுதியில் இடம் கிடைத்திருக்கிறது, போகட்டுமா என்று கேட்டாள். அதற்குத் தலையாட்டினேன். விளங்கித்தான் ஆட்டினேன். கீழ் பெட்ச் பிள்ளைகளுக்கு அவள் இப்போது குப்பி கொடுக்கிறாளாம், தமிழில். ஞாயிற்றுக்கிழமை வந்தால் உடுப்புத் துவைத்து, தூங்கி எழும்பி, போய்விடுகிறாள்.

மற்ற நாட்களில் கடை விட்டு வந்து நான் மட்டும் சமைக்கிறேன். வெங்காயம் வெட்டும்போது வாய் தானாகப் பேச ஆரம்பிக்கிறது. நேற்றும் அப்படித்தான். பஃபர் பாடத்தை உனக்குச் சொல்லிப் பார்த்தேன், தமிழில்தான். ஊற்றின புளிப்பைப் பிடித்து வைக்க அந்தக் கரைசலுக்குள் ஒரு கூட்டம் இருக்கிறது, குறைந்தால் எடுத்துக் கொடுக்க இன்னொரு கூட்டம் இருக்கிறது, அதனால்தான் வெளியே பார்த்தால் மாற்றம் தெரிவதில்லை என்று கையை ஆட்டி ஆட்டிச் சொல்லிக்கொண்டே வந்து, ஓரிடத்தில் நிறுத்தினேன். நீ குறுக்கே கேட்கிற இடம் அது. ஊத்தினது எங்க போச்சு என்று நீ கட்டாயம் கேட்டிருப்பாய். வாழ்க்கையிலேயே முதல் தடவையாக எனக்கு ஒரு கேள்விக்கு விடை தெரிந்திருக்கிறது. சட்டியில் வெங்காயம் பொரிகிற சத்தம் மட்டும் கேட்டது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு நானே சொல்லிவிட்டேன்: "எங்கயும் போகலடி. உள்ளதான் இருக்கு. வெளிய காட்டல, அவ்வளவுதான்."