தட்டில் ஒன்று குறைவு

ஆரம்பாக்கம்,
ஞாயிறு.

அன்பு மகள் சுகிர்தாவுக்கு அப்பா எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையில் அம்மாவும் நானும் நலம். நலம் என்று எழுதலாமா என்று யோசித்தேன், எழுதிவிட்டேன். போனில் சொன்னால் நீ பதறுவாய், நானும் சொல்ல வந்ததை விட்டுவிடுவேன். அதனால்தான் கடிதம்.

திருவள்ளூர் விடுதியில் சாப்பாடு பரவாயில்லையா? நீராவி இயந்திரத்தைத் திறக்கும்போது கையுறையை மறக்காதே.

உங்கள் ஆஸ்பத்திரியில் குடல் அடைப்புக்காக என் வயிற்றைத் திறந்த அன்று, ஆபரேஷன் முடிந்து வந்த கருவிகளை உன் கையாலேயே கழுவி நீராவியில் வைத்ததாகக் கட்டிலருகே பெருமையாகச் சொன்னாய். உனக்கு அது வேலையில் முதல் வாரம். தட்டில் ஒரு ஆர்ட்டரி குறைந்ததை நீதான் கண்டுபிடித்தாயாம். ரத்தக் குழாயைக் கவ்வும் இடுக்கி, பூட்டிவிட்டால் தானாக விடாது என்று விரல்களால் காட்டினாய். உங்கள் பிரிவுக்குப் பொறுப்பான நர்மதா மேடம், "துணியோட லாண்டரிக்குப் போயிருக்கும், ஸ்டாக்குல ஒண்ணு எடுத்துப் போட்டுக் கட்டும்மா, புதுசா வந்துகினு கணக்கு கேக்காத" என்றாராம். நாம் இருவரும் சிரித்தோம். எனக்குத் தையல் வலித்தது.

போன வாரம் பி.எஃப். விஷயமாகக் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் பழைய கம்பெனிக்குப் போனேன். கேட்டில் செக்யூரிட்டி, உலோகம் கண்டுபிடிக்கும் கைக்கருவியால் தடவினார். வயிற்றின் வலப்பக்கம் வந்ததும் அது கத்தியது. சாவி, கண்ணாடி, பேனா எல்லாவற்றையும் மேசையில் வைத்தேன். மறுபடியும் அதே இடம். "இன்னா பெருசு, நாஷ்டாவுக்கு ஆணி துன்னுகினு வந்தியா?" என்று சிரித்துவிட்டு உள்ளே விட்டார்.

கருவி பழுதாக இருக்கலாம். என் மனமும் பழுதாக இருக்கலாம். ஆனால் மதியம் படுத்துப் புரண்டால், நான் புரண்டு முடித்த பிறகு உள்ளே ஒன்று மெல்லப் புரள்கிறது. அம்மாவிடம் சொல்லவில்லை.

பொன்னேரியில் எக்ஸ்ரே எடுக்கலாம். எடுத்தால், அந்தத் தட்டை எண்ணித் துணியில் கட்டியது யார் என்று கேட்பார்கள். அதன் சீட்டில் உன் கையெழுத்து இருக்கும். ஆகவே உன் வேலை எந்த மாதம் நிரந்தரமாகும் என்று மட்டும் எழுது. அதுவரை இடப்பக்கமாகவே படுத்துக்கொள்கிறேன், பழகிவிட்டது.

இனி எந்தத் தட்டில் ஒன்று குறைந்தாலும் கட்டாதே, மகளே. யார் என்ன சொன்னாலும் கட்டாதே.

ஆண்டவர் உன் கைகளைக் காக்கட்டும். பதில் எழுத நேரமில்லை என்றால், நேரில் வந்தாலும் சரி.

உன் அப்பா,
தாவீது