கறுத்த உறையின் காரணம் கூறி ஆற்றுக்கோட்டைக்கு விடுத்த ஓலை

பனங்குன்ற நாட்டு மேலைவாயில் மண்டபத்தில் இவ்வோலை எழுதி வாசிக்கப்பட்டபோது உடனிருந்தோர்: நாட்டின் முதலமைச்சரும் எழினியார் குடியின் குடிமூத்தாருமான எழினிநம்பியரையர், அவர்தம் இளவலும் படைத்தலைவருமான வெற்பனார், கொல்லுலைத் தலைவர் மாசாத்தனார், தோல் தைப்போர் தலைவி பெருங்கண்ணியார், பண்டாரக் காவலர் சேந்தனார், மருதவெளியிலிருந்து வந்த தூதர் குறும்பொறையனார், ஓலை எழுதுவோர் ஒருவர். வேறெவரும் இலர். கதவு திறந்தே இருந்தது.

நெல்லும் கரும்பும் நீங்காத மருதவெளி நாட்டில், ஆற்றுக்கோட்டைக்கு உரியவரும், காலஞ்சென்ற காவற்றலைவர் பூழியனாரின் துணைவியாருமாகிய செங்கோதையார் திருமுன்பு எழினிநம்பியரையர் வணக்கத்துடன் விடுக்கும் ஓலை. தங்கள் ஏரிகள் கரை ததும்புக. தங்கள் எருதுகள் நோயின்றி நிற்க. தங்கள் மகனார் தம் தந்தையாரின் இருக்கையில் நெடுங்காலம் வீற்றிருக்க. அவ்விருக்கை யாருடைய வாளால் வெறுமையாயிற்று என்பதை இவ்வோலை மறைக்கவில்லை.

இரு நாட்டுக்கும் நடுவே ஓடும் ஆற்றையும் அதன் துறையையும் குறித்துக் குடிமூத்தார் ஓலை எழுதத் தொடங்கியபோது அவர் தலையில் நரை இல்லை. இன்று கறுப்பு இல்லை. எழுதியவற்றுள் எந்த ஓலையும் துறையை நெடுநாள் திறந்து வைக்கவில்லை. ஆகவே இவ்வோலையில் அலங்காரம் குறைவு என்று தாங்கள் கருதினால், அது மதிப்புக் குறைவு அன்று, களைப்பு என்று கொள்ளவேண்டும்.

செய்தி யாதெனில்:

போர் ஓய்ந்தபின் கைக்கத்தி கொடுத்தல் என்பது இரு நாட்டுக்கும் பொதுவான முறை. ஒரு வீட்டின் தலைவனை வீழ்த்தியவன், அவ்வீட்டின் தலைவி இடையில் செருகிக்கொள்ளும் சிறுகத்தி ஒன்றைத் தன் கையாலேயே அடித்து, அதற்குரிய தோலுறையையும் தானே தைத்து அனுப்பவேண்டும். கொல்லர் அருகிலிருந்து சொல்லலாம், தொடலாகாது. தலைவி அக்கத்தியை ஏற்று அடுக்களையில் ஒரு காயை நறுக்கிவிட்டால் பகை தீர்ந்தது. ஏற்காவிடில் துறை மூடும். பழைய கணக்கு மறுபடி திறக்கும்.

பூழியனாரை வீழ்த்திய வெற்பனார் அனுப்பிய கத்தியைத் தாங்கள் ஏற்கவில்லை. சபை நடுவே உறையினின்று உருவியபோது, உறையின் உட்புறம் கரிபோல் கறுத்திருந்தது என்றும், அலகின்மேல் நீலமும் கறுப்புமாகத் திட்டுகள் படர்ந்திருந்தன என்றும், அது நஞ்சு தோய்த்த கத்தியே என்று சபை முடிவு கொண்டது என்றும் தூதர் உரைத்தார். தங்கள் கொழுந்தனார் எழுந்து நின்று, "பாம்புக்குச் சட்டை தைத்து அனுப்பியிருக்கிறான். அண்ணனுக்கு வாள், அண்ணிக்குக் கத்தி, அடுத்து எனக்கு ஊசியா?" என்று கேட்டதையும் தூதர் மறைக்காது உரைத்தார். சபை சிரித்ததாம். தாங்கள் சிரிக்கவில்லையாம். அதனாலேயே இவ்வோலை தங்கள் கொழுந்தனார்க்கு அன்றித் தங்களுக்கு விடுக்கப்படுகிறது.

எழினியார் குடியில், கொடுத்த பொருளுக்கு விளக்கம் சொல்லும் வழக்கம் இல்லை. இம்முறை சொல்லப்படுகிறது.

வெற்பனார் கொல்லுலைக்குள் நுழைந்தபோது, யானைப்படையை நடத்தியவனுக்கு ஒரு சாண் இரும்பு எம்மாத்திரம் என்ற எண்ணத்தோடுதான் நுழைந்தார். துருத்தியை மிதித்தார். கரி கனன்றது. இரும்பு சிவந்து, மஞ்சளாகி, வெண்மையாகிப் பொறி சிந்தியது. பொறி சிந்துவது நல்ல அறிகுறி என்று எண்ணி இன்னும் மிதித்தார். மாசாத்தனார், "எரிந்துபோயிற்று ஐயா. அப்பளம் பொரிப்பவள்கூட இந்நேரம் எடுத்திருப்பாள்" என்றார். எடுத்துப் பார்த்தால் முனை பொரிந்து உதிர்ந்தது. படைத்தலைவரிடம் அவ்விதம் பேசுவோர் இந்நாட்டில் இல்லை. ஆனால் உலைக்களத்தில் மாசாத்தனார்க்கு மேல் ஒருவர் இல்லை என்பதை வெற்பனார் அன்றே கற்றார்.

அடுத்த கத்தி உருவம் பெற்றது. கத்தி என்று சொல்லிக் காட்டினால் பார்ப்பவர் மறுக்கமாட்டார், அவ்வளவுதான். பதம் ஏற்றுவதற்காகப் பழுக்கக் காய்ச்சி நீரில் தோய்த்தார். உள்ளே மெல்லியதோர் ஒலி கேட்டது. என்ன ஒலி என்று வெற்பனார் கேட்டார். "கத்தி தங்களிடம் விடைபெற்றுக்கொண்டது" என்றார் மாசாத்தனார். அலகின் குறுக்கே மயிரிழை போல் ஒரு வெடிப்பு ஓடியிருந்தது. எண்ணெயில் தோய்க்கச் சொன்னேனே என்று அவர் தலையில் அடித்துக்கொண்டார். வெற்பனார் அதைக் கேட்டிருந்தார். எண்ணெய் அடுக்களைப் பொருள் என்று பொருட்படுத்தவில்லை.

அதன்பின் செய்ததே தங்களிடம் வந்த கத்தி. எண்ணெயில் தோய்த்தார். வெடிக்கவில்லை, ஆனால் இடப்புறம் சற்றே வளைந்து வந்தது. குளிர்ந்த அலகைக் கல்லில் வைத்துச் சுத்தியலால் நிமிர்த்தப் போனார். மாசாத்தனார் போட்ட கூச்சலில் உலைக்களத்துப் புறாக்கள் எழுந்து பறந்தன. அடித்திருந்தால் இரண்டு துண்டாகியிருக்கும். பறித்து வாங்கத் துடித்த தம் கைகளை மாசாத்தனார் இரு அக்குளிலும் செருகிக்கொண்டு, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார். தொடலாகாது என்ற முறையை இதைவிட வருந்திக் காத்தவர் எவரும் இருக்கமாட்டார்.

பிடி செய்யும்போதுதான் வெற்பனாரின் வேலை நின்றது. புளியமரத்து வைரக் கட்டையை எடுத்தார். எவ்வளவு பருமனாகச் செதுக்குவது என்று தெரியவில்லை. வாளின் பிடி அவர் கைக்கு ஏற்றது. இக்கத்தியின் பிடி வேறொருவர் கைக்கு. அக்கையை அவர் கண்டதில்லை. கேட்டு ஆளனுப்பவும் வழியில்லை; கணவனைக் கொன்றவன் மனைவியின் கையளவு கேட்பது எந்த நாட்டு முறை? கட்டையை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் அமர்ந்திருந்தார். போர்க்களத்தில் பூழியனார் எதிரே வந்தபோது ஒரு தலைப்பாகையும் ஒரு கேடயமுமே தமக்குத் தெரிந்தன என்றும், அக்கேடயத்துக்குப் பின்னால் ஒரு வீடு இருந்தது இக்கட்டையைப் பிடித்தபோதுதான் தெரிந்தது என்றும் அவர் பின்னர்க் குடிமூத்தாரிடம் உரைத்தார். பிறகு, பெரிதாய்ப் போய்விடக்கூடாது என்ற அச்சத்தில் மெல்லியதாகவே செதுக்கி, அரக்கை உருக்கி ஊற்றி அலகைப் பொருத்தினார்.

தூதர் திரும்பக் கொணர்ந்த கத்தியைக் கண்டபோது வெற்பனார் நஞ்சு என்ற பழியைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. பிடி கைக்கு அடங்கியதா என்று மட்டும் கேட்டார். உறையின் உட்புறத்தைப் பார்க்கும் முன்னர்த் தாங்கள் கத்தியை ஒருமுறை பிடித்துப் பார்த்தீர்கள் என்றும், அடங்கியது போலவே தோன்றிற்று என்றும் தூதர் கூறினார்.

இனி உறை. எருமைத்தோல், ஆவாரம்பட்டையில் ஊறிப் பதமானது. ஓரங்களுக்கு நடுவே ஒரு தோல்பட்டை கொடுத்துத் தையுங்கள் என்று பெருங்கண்ணியார் சொல்லியிருந்தார். பட்டை எதற்கு என்று வெற்பனார் விட்டுவிட்டார். தைத்து முடித்துக் கத்தியைச் செருகியபோது, கூர்முனை தையலை அறுத்துக்கொண்டு உறையின் விலா வழியே வெளியே எட்டிப் பார்த்தது. பெருங்கண்ணியார், "படைத்தலைவரே, தாங்கள் கட்டிய கோட்டையில் வாயில் எது, சுவர் எது?" என்று கேட்டார். இரண்டாம் உறையில் பட்டை வைத்தார். கட்டைவிரலில் ஊசியும் ஏற்றிக்கொண்டார். தையல் நின்றது, ஆனால் உறை இறுகிப்போய்க் கத்தியை உள்ளே விடவில்லை. நனைத்து, உள்ளே வைத்து, காயவிடுங்கள், தோல் தானே உருவம் பிடித்துக்கொள்ளும் என்று சொல்லிவிட்டுப் பெருங்கண்ணியார் தம் தங்கை மகள் திருமணத்துக்குப் புறப்பட்டுப் போனார்.

உள்ளே வைக்கவேண்டியது கத்தியின் வடிவில் சீவிய மரத்துண்டு. அத்தொழிலில் பிறந்தவர் எவரும் அதை வாய்விட்டுச் சொல்வதில்லை. வெற்பனார் கத்தியையே உள்ளே வைத்தார். வார் சுற்றி இறுகக் கட்டி, நிழலில் தொங்கவிட்டார். நன்றாகச் செய்தோம் என்று அன்று ஒருநாள் மட்டும் அவர் நிம்மதியாக உண்டார்.

காய்ந்தபின் உருவிப் பார்த்தால், தாங்கள் கண்டதையே அவரும் கண்டார்.

கடுக்காய் நீரில் துருப்பிடித்த ஆணியைப் போட்டுக் கறுப்புச் சாயம் காய்ச்சுவதைத் தங்கள் நாட்டுச் சாயக்காரர் எவரை வினவினாலும் கூறுவர். கடுக்காய்போல் துவர்க்கும் ஆவாரம்பட்டையில் பதப்பட்ட தோலும் ஈரமும் இரும்பும் சேர்ந்தால் நேர்வதும் அதுவே. உறை கறுத்தது, அலகு திட்டுத்திட்டாயிற்று. எலுமிச்சை தேய்த்துப் பார்த்தார், திட்டுகள் பரவின. மறுநாள் படகு புறப்பட வேண்டும். பண்டாரத்தில் வெள்ளிப் பூண் கட்டிய நல்ல கத்திகள் இருக்கின்றன, ஒன்றை எடுத்து அனுப்பலாமே, ஆற்றுக்கு அப்பால் யார் அறிவார் என்று சேந்தனார் கூறினார். வெற்பனார் ஒப்பவில்லை. கோணலும் கறையும் தம்முடையவை. அவற்றையே அனுப்புவதாக அவர் சொன்னார். அதனுடன் ஒரு சொல்லும் சேர்த்து அனுப்பலாம் என்று அம்மண்டபத்தில் எவர்க்கும் தோன்றவில்லை. விளக்கம் சொல்லிப் பழகாத குடி.

தூதர் கண்முன்னே செய்து காட்டியது: அதே தோலில் ஒரு துண்டை நனைத்து, ஓர் இரும்பாணியைச் சுற்றிக் கட்டி வெயிலில் வைத்தோம். பொழுது சாய்வதற்குள் தோல் கறுத்தது. தூதர் தாமே அவிழ்த்துப் பார்த்தார். பின்னர், தாங்கள் திருப்பியனுப்பிய அக்கத்தியைக் கழுவாமலே எடுத்து, வெற்பனார் ஒரு வெள்ளரிக்காயை நறுக்கி உண்டார். தூதரும் இரண்டு துண்டு உண்டு, உப்பு இல்லையா என்று கேட்டார். இருவரும் நலமாக உள்ளனர்.

ஆயினும், எங்கள் மண்டபத்தில் நறுக்கிய காய் தங்கள் வீட்டில் நறுக்கியதாகாது என்பதைக் குடிமூத்தார் அறிவார். ஆகையால் முடிவு பின்வருமாறு:

கத்தியை இம்முறை தூதர் கொணரமாட்டார். வெற்பனாரே கொணர்கிறார். இவ்வோலை தங்கள் சபையில் வாசிக்கப்படும் வேளையில் அவர் தங்கள் கோட்டை வாயிலில் நின்றுகொண்டிருப்பார். வாள் இல்லை, கவசம் இல்லை, உடன் வந்தவர் இல்லை. இடையில் அக்கத்தி ஒன்றே. தங்கள் அடுக்களைக் காயைத் தங்கள் முன்னிலையில் அவர் நறுக்கி உண்ணட்டும். அதன்பின் தாங்கள் கத்தியை ஏற்பதும் ஆற்றில் எறிவதும் தங்கள் விருப்பம். அவரை உள்ளே விடுவதும் விடாததும்கூடத் தங்கள் விருப்பம். போகவேண்டாம் என்று குடிமூத்தார் கூறினார். இது தாம் தொடங்கிய வேலை, முடிக்காமல் விட்டால் மாசாத்தனார் மறுபடி எள்ளுவார் என்று வெற்பனார் கூறினார். ஐம்பது கடந்தவர்க்கு அதற்குமேல் அறிவுரை சொல்லும் வழக்கமும் இக்குடியில் இல்லை.

பனங்குன்றத்துத் துறைக்காவலர்க்கும், படைக்கும், எழினியார் குடியில் பிறந்த ஆண் பெண் அனைவர்க்கும் இதனால் இடப்படும் ஆணை: வெற்பனார் சென்ற படகு திரும்பும்வரை எவரும் நாணேற்றலாகாது. அவர் திரும்பிவரின் துறை திறந்திருக்கும். திரும்பிவராவிடினும் துறை திறந்தே இருக்கும். ஏன் வரவில்லை என்று கேட்கவோ, கேட்காமல் பழி கொள்ளவோ எங்கள் குடியில் எவரும் ஆறு கடக்கலாகாது. மீறுவோர் குடிமூத்தாரின் பெயரைத் தம் பெயரோடு சேர்த்துச் சொல்லும் உரிமை இழப்பர். இவ்வாணையை வாசித்தபோது வெற்பனார் தலையசைத்தார். குடிமூத்தார் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

ஆற்றுக்கோட்டையில் விளக்கு அணையாதிருக்க. தங்கள் அடுக்களையில் அரிசி குறையாதிருக்க. மேலைவாயிலில் இருந்து, எழினிநம்பியரையர் தம் கைப்பட ஒப்பமிட்டு, பனங்குருத்து முத்திரை பொறித்து விடுத்தது.

முத்திரை பொறித்தபின் சேர்த்தது: இக்கத்தி வெற்பனார் செய்ததன்று, கதவை அடைத்துக்கொண்டு கொல்லுலைத் தலைவர் மாசாத்தனார் செய்துகொடுத்தது என்று தங்கள் படகுத்துறையில் ஒரு பேச்சு உலவுவதாகத் தூதர் இப்போதுதான் தெரிவித்தார். அது பொய். மாசாத்தனார் செய்திருந்தால் நல்ல கத்தியாக இருந்திருக்கும்.