அட்டைக்கடி என்று நீ சொன்னது

கீழமணலூர்
ஐப்பசி 12, வியாழன் மாலை

அன்புள்ள சுடர்விழிக்கு,

வானதி எழுதிக்கொள்வது. இங்கே அம்மா, அப்பா, நான், சினையாக இருக்கும் செவலைப் பசு எல்லாரும் நலம். நீயும் நலமா என்று கேட்கத்தான் பேனாவை எடுத்தேன். உன் கடிதத்தை இன்னொரு தடவை படித்தேன், கேட்கக் கை வரவில்லை.

விடுதியில் போன் கூடாது, வருகிற கடிதத்தையும் வார்டன் பிரித்துப் பார்ப்பார் என்று எழுதியிருந்தாய். அதனால் இதை உன் பழைய விலங்கியல் நோட்டின் பழுப்புத்தாள் உறைக்குள் வைத்து ஒட்டி அனுப்புகிறேன். படித்ததும் கிழித்துப் போட்டுவிடு.

இரண்டு பக்கக் கடிதத்தில் சாம்பார் தண்ணீராக இருப்பது, மெஸ் சுத்த சைவம் என்பது, காலை நாலரைக்கு மணி அடிப்பது எல்லாம் விவரமாக எழுதியிருக்கிறாய். கடைசியில் பக்கத்துக் கட்டில் அனுராதாவைப் பற்றி மூன்றே வரி. இங்கே கொசு அதிகம், பாவம் அவள் கையெல்லாம் கடி, நேற்று பிரேயரில் மயங்கி விழுந்துவிட்டாள் என்று. அந்த மூன்று வரியை நாலு தடவை படித்தேன். அதே அறையில்தானே நீயும் படுக்கிறாய்? உன்னைக் கடிக்காமல் அது என்ன கொசு?

நீ என்னைச் சந்தேகப் பிராணி என்பாய். ஆமாம், நான் அப்படித்தான். கடையில் தேங்காய் வாங்கினால்கூட மூன்று தடவை ஆட்டிப் பார்க்கிறவள். ஆனால் உன்னை மட்டும் ஒரு நாளும் ஆட்டிப் பார்த்ததில்லை. அதுதான் எனக்கு இப்போது வயிற்றெரிச்சல்.

முதலில் ஊர்ச் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். நம் பள்ளிக்கு ரத்தப் பரிசோதனை செய்ய ஸ்கூட்டரில் வருவாரே, மங்களாம்பிகை அக்கா, அவரை ஊரைவிட்டுக் கிளப்பப் பார்க்கிறார்கள். ஆடிக் கடைசியில் அவர் சோதித்தபோது எனக்கு ரத்தம் பதினொன்று இருந்தது. காலாண்டு விடுமுறை முடிந்து மறுபடி பார்த்தபோது ஆறரை. நடுவில் ஒன்றரை மாதம்தான். என் சித்தப்பா குணசேகரன் கணக்கில் புலி அல்லவா, உடனே கண்டுபிடித்துவிட்டார். "மொதல்ல எடுத்தாளே, அதுலதான் கொறைஞ்சிருக்கு. புள்ளைங்க ரத்தத்தை எடுத்து வித்துட்டா" என்று டீக்கடையில் ஆரம்பித்தார். இரண்டே நாளில் அந்த அக்காவுக்குக் காட்டேரி என்று பெயர் வைத்துவிட்டார்கள். கீழத்தெருவில் வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். ஸ்கூட்டரில் காற்றைப் பிடுங்கி விடுகிறார்கள்.

உண்மையைச் சொல்கிறேன், நானும் சந்தேகப்பட்டேன். அவர் என் வீட்டுக்கு இரும்புச்சத்து மாத்திரையும் கடலை மிட்டாயும் கொண்டு வந்தபோது, கை கழுவ அவரைக் கொல்லைப்புறம் அனுப்பிவிட்டு, ரத்தக் குப்பி வைக்கும் அவருடைய ஐஸ் பெட்டியைத் திறந்து பார்த்தேன். மூன்று சின்னக் குப்பி, பஞ்சு, ஒரு சப்பாத்திப் பொட்டலம். அவ்வளவுதான். வெட்கமாகப் போய்விட்டது.

சித்தப்பா கலெக்டருக்கு மனு எழுதி ஊர் முழுக்கக் கையெழுத்து வாங்கினார். முதல் கையெழுத்துக்கான இடத்தை எனக்காகக் காலியாக விட்டு வைத்திருந்தார். ஆறரை என்னுடையதுதானே. நேற்று பள்ளி மைதானத்தில் கூட்டம் என்று ஏற்பாடு.

அதற்கு முந்தின நாள், செவ்வாய்க்கிழமை, அம்மாவோடு வாய்க்காலடி வயலுக்குப் போனேன். நட்ட இடத்தில் விட்டுப்போன நாற்றை நிரப்புகிற வேலை. கரையேறியபோது என் இடது காலில் அட்டை. அம்மா சுண்ணாம்பு வைத்ததும் சுருண்டு விழுந்தது. ரத்தம் நிற்கவே இல்லை, அரித்துத் தொலைத்தது. கழுவிவிட்டுப் பார்த்தேன். கடிவாய் மூன்று முனையாகப் பிளந்திருந்தது, சின்னக் கோழிக்கால் மாதிரி. அம்மா காலில் இருக்கும் பழைய தழும்பும் அதே மூன்று முனை. அத்தனை நடவுப் பெண்களின் காலையும் குனிந்து குனிந்து பார்த்தேன். எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்றுதான் நினைத்திருப்பார்கள். எல்லாமே மூன்று முனை.

என் இடது மணிக்கட்டில் இருக்கும் நாலு கடியும் இரண்டிரண்டு புள்ளி, சுடர். ஒரு நாளும் அரித்ததில்லை.

புரட்டாசி நடவின்போது நாம் இரண்டு பேரும் விடுமுறைக் கூலிக்கு வயலில் இறங்கினோமே, நினைவிருக்கிறதா? மதியம் கஞ்சி குடித்துவிட்டு மோட்டார் கொட்டகை நிழலில் நான் அடித்துப் போட்ட மாதிரி தூங்குவேன். எழுந்தால் மணிக்கட்டில் ரத்தம். நீதான் "அட்டை கடிச்சிருக்குடி, தூங்குமூஞ்சி" என்று சிரித்துக்கொண்டே சுண்ணாம்பு தடவிவிடுவாய். நாள் முழுக்கச் சேற்றில் கை வைக்கிறவளுக்கு அட்டை கடிப்பதில் என்ன சந்தேகம் வரும்? நானும் நம்பினேன். ஆனால் உன் காலில் ஓர் அட்டையும் ஏறவில்லை. ராசிக்காரி என்று நடவுப் பெண்கள் உன்னைக் கொஞ்சினார்கள். அந்த அட்டைகளுக்கு இருந்த அறிவு எனக்கு இல்லாமல் போயிற்று.

அதற்குப் பிறகு எல்லாம் வரிசையாக வந்து உட்கார்ந்துகொண்டன. ஆடிப் பெருக்குக்கு மறுவாரம் நீ பெரியவளானாய். பதினாறு வயது, வகுப்பிலேயே கடைசி. உங்கம்மா கும்பிடாத கோயில் இல்லை. உன் மாமா பச்சை ஓலை கட்டிக் குடிசை போட்டார், பதினாறாம் நாள் மஞ்சள் தண்ணீர் ஊற்றி உள்ளே அழைத்தோம். அன்றிலிருந்து உனக்கு உளுந்தங்களியைக் கண்டால் குமட்டல். ஆட்டு ரத்தப் பொரியலை மட்டும் சட்டியோடு வழித்தாய். உங்கம்மா தினமும் வீரையண்ணன் கறிக்கடைக்குத் தூக்குவாளியோடு போவதைப் பார்த்து, பிள்ளைக்கு உடம்பு தேறட்டும் என்றுதான் ஊரே சொன்னது.

புரட்டாசி பிறந்ததும் வாளி நின்றது. உங்கப்பா மஸ்கட்டில் நல்லபடியாக இருக்க வேண்டும் என்று உங்கம்மா எடுத்த விரதம், அந்த ஒரு மாதம் உங்கள் வீட்டில் முட்டைகூட உடைக்க மாட்டார்கள். அந்த ஒரு மாதத்தில்தான் என் கையில் நாலு கடி.

சினிமாவில் வருகிறவன் கறுப்பு அங்கி போட்டுக்கொண்டு வௌவாலாகப் பறப்பான். நீ என் நீலத் தாவணியை இரவல் வாங்கிக்கொண்டு போனவள். உன்னை எப்படியடி நான் அந்தப் பெயர் சொல்லி நினைப்பது? எழுதிப் பார்த்துவிடுகிறேன். ரத்தக் காட்டேரி. எழுதிவிட்டேன். இதை எழுதும்போது அழுதேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

கூட்டத்தில் என்ன செய்தேன் என்று கேள். சித்தப்பா பேனாவை நீட்டினார். மங்களாம்பிகை அக்கா வேப்ப மரத்தடியில் தனியாக நின்றார். உன் பெயரைச் சொன்னால் அவர் பிழைப்பார். கையெழுத்துப் போட்டால் நீ பிழைப்பாய். நான் மைதானம் கேட்க, "நான் மூணு மாசமா பச்சை அரிசி தின்னேன், குடுத்த மாத்திரையை எல்லாம் வாய்க்கால்ல போட்டுட்டேன்" என்று கத்திவிட்டேன். கூட்டத்தில் ஒரே சிரிப்பு. பச்சை அரிசி தின்று சோகை பிடித்த பெண்ணை இந்த ஊர் எத்தனை பார்த்திருக்கிறது, உடனே நம்பிவிட்டார்கள். சித்தப்பா மனுவை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார், கிழிக்கவில்லை. அம்மா அரிசிக் குதிருக்குப் பூட்டுப் போட்டுவிட்டாள். தெருப் பிள்ளைகள் என்னைப் பார்த்தால் வாயை மெல்லுகிறார்கள். என் மானம் போனது உனக்காக. வைத்துக்கொள்.

நீ என் ரத்தத்தை எடுத்ததில்கூட எனக்கு அவ்வளவு கோபம் இல்லை. நீயே கடித்துவிட்டு நீயே சுண்ணாம்பு தடவினாயே, அதுதான் ஆறவில்லை. கேட்டிருக்கலாமே சுடர். ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. பயந்திருப்பேன், கத்தியிருப்பேன். ஆனால் ஓடியிருக்க மாட்டேன்.

அனுராதா யாரோ எவரோ. அவளுக்கு நீ சிநேகிதிகூட இல்லை, பக்கத்துக் கட்டில்தான். அவளை உடனே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய் ரத்தம் பார்க்கச் சொல். பத்து நாளில் அவளுக்குத் தேவலை என்று உன் கையால் எனக்குப் பதில் வரவேண்டும். வராவிட்டால் அடுத்த கடிதம் வார்டனுக்கு. எழுதமாட்டேன் என்று நினைக்காதே. ஒரு பெண் செத்துப்போவதற்கு நான் பச்சை அரிசிப் பொய் சொல்ல முடியாது.

வெள்ளி, மதியம்

நோட்டை ஒட்டுவதற்குள் மனசு கேட்கவில்லை. பள்ளிக்குப் போகாமல் உங்கம்மாவிடம் போனேன். ரத்தப் பரிசோதனை முடிவு வந்த நாலாம் நாள் உன்னை விடுதியில் சேர்த்தவர் அவர். காலாண்டுத் தேர்வு முடிந்து யாராவது பள்ளி மாற்றுவார்களா? அவர் மீதும் எனக்குச் சந்தேகம் இருந்தது. மணிக்கட்டை நீட்டினேன்.

அத்தை என் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அவருக்கு முன்பே தெரியும். "சைவமா சாப்பிட்டு, சாமி பேரைச் சொல்லிக்கிட்டு இருந்தா அடங்கிடும்னுதானே அந்த விடுதியாப் பார்த்துச் சேர்த்தேன், வானதி" என்றார். விரதம் இருக்க வைத்தால் உன்னை உன்னிடமிருந்தே மீட்டுவிடலாம் என்று நினைத்திருக்கிறார். அனுராதாவைப் பற்றிய மூன்று வரியை வாசித்துக் காட்டினேன். அவர் எழுந்துபோய், தூக்குவாளியைத் தேடி எடுத்துப் புளி போட்டுத் தேய்க்க ஆரம்பித்தார்.

ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறார். இந்தக் கடிதமும் நோட்டுக்குள் இல்லை, அவர் மடியில்தான் வருகிறது. அவர் கொண்டு வரும் சாப்பாட்டுக் கேரியரின் அடி அடுக்கை எல்லார் முன்னாலும் திறக்காதே. அனுராதாவின் வீட்டாரிடம் பேசிவிட்டு, அவள் ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்ததைப் பார்த்துவிட்டு, உன்னை மாற்றுச் சான்றிதழோடு அழைத்து வருவதாகச் சொன்னார். தீபாவளிக்கு நீ இங்கே இருப்பாய். வந்ததும் முதல் வேலை, பலகாரத் தட்டைத் தூக்கிக்கொண்டு என்னோடு மங்களாம்பிகை அக்கா வீட்டுக்கு வருவது. தெருவே பார்க்க நடந்து வரவேண்டும். அவரிடம் என்ன சொல்வது என்று போகிற வழியில் யோசிப்போம்.

எனக்கு உன்னிடம் பயம் இல்லை என்று எழுதினால் பொய். மோட்டார் கொட்டகையில் இனி உன் பக்கத்தில் தூங்குவேனா, தெரியவில்லை. விழித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அது முடியும்.

கிளம்பும்போது அத்தை வாசல்வரை வந்தார். உனக்கு ஒரே ஒரு வரி எழுதச் சொன்னார், அதை அவர் சொன்னபடியே எழுதுகிறேன். "நம்ம வீட்டுல இனிமே புரட்டாசி கிடையாதுன்னு எழுது. அவ அப்பாவைச் சாமி பார்த்துக்கட்டும்."

எழுதிவிட்டேன். வந்துவிடு.

பூட்டிய குதிருக்குப் பக்கத்திலிருந்து,
உன் சந்தேகப் பிராணி,
வானதி