கிருமிக்கு இரக்கம் காட்டாதே

அன்பான வீட்டுக்காரிக்கு,

நலம் என்று எழுதினால் நீ நம்பப்போவதில்லை. அதனால் சுமார் என்றே எழுதுகிறேன். போனில் பேசியிருக்கலாம். ஆனால் இந்த டிபி வார்டில் ஊசி போட ஆரம்பித்ததிலிருந்து காதுக்குள் ஓயாத ரீங்காரம். நீ ஒன்று கேட்க, நான் வேறொன்று சொல்ல, கடைசியில் சண்டையில்தான் முடியும். கடிதத்தில் அந்த வம்பில்லை.

மகள் என் அக்கா வீட்டில் சமர்த்தாக இருக்கிறாள். அம்மாவுக்கு என்ன வேலை என்று டீச்சர் கேட்டாராம். டிபிக்குப் புது மருந்து தேடுகிறாள், அவள் செய்வதை யார் வேண்டுமானாலும் காப்பியடிக்கலாம், அது தப்பே இல்லை என்றாளாம். டீச்சர் முகம் போன போக்கைச் சொல்லி அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள்.

இப்போது உன் கடிதத்துக்கு வருகிறேன். நீங்கள் சோதித்த அந்த மருந்து கிருமியைக் கொன்றுவிட்டது என்றதும் நீங்கள் அங்கே கைதட்டினீர்கள், நாங்கள் இங்கே வார்டில் கைதட்டினோம். அப்புறம் மருந்தே சேர்க்காமல், அதைக் கரைக்கும் திரவத்தை மட்டும் ஊற்றிப் பார்த்தாய். அப்போதும் கிருமி செத்தது. திரவத்தின் அளவு கூடிப்போயிருக்கிறது, கொன்றது அதுதான், மருந்து சும்மா கூட நின்று பேர் வாங்கியிருக்கிறது. இன்னொரு தடவை பார்த்துவிட்டு மெதுவாகச் சொல்லலாம் என்றாராம் உங்கள் குழுத் தலைவர். நீ கேட்டால்தானே! அன்றைக்கே, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று நீங்கள் சோதனைகளையெல்லாம் எழுதிப்போடும் இணையப் பக்கத்தில், உலகம் பூராவும் பார்க்கிற இடத்தில், அளவைத் தவறாகப் போட்டது நான்தான் என்று பெயர் போட்டு எழுதிவிட்டாய். இப்போது வெட்கமாக இருக்கிறது, வேலையை விட்டுவிட்டு வருகிறேன் என்கிறாய்.

அந்தப் பக்கத்தை இங்கே நர்சம்மா எனக்குப் படித்துக்காட்டினார். உன் குறிப்புக்குக் கீழே வேறு தேசத்து ஆள் ஒருவர் எழுதியிருக்கிறார், கவனித்தாயா? அவர்களும் அதே அளவைத்தான் ஊற்றிக்கொண்டிருந்தார்களாம். உன்னால் நிறுத்தினோம், இல்லையென்றால் உழைப்பெல்லாம் வீணாகியிருக்கும் என்கிறார். அதைக் கேட்டதும் இவள் என் பெண்டாட்டி என்று வார்டு முழுக்கச் சொன்னேன். இந்த நுரையீரலை வைத்துக்கொண்டு நெஞ்சை நிமிர்த்துவது லேசுப்பட்ட காரியமா? இருமல் வந்துவிட்டது. பரவாயில்லை, அந்தப் பெருமைக்கு இருமலாம்.

நான் எப்படிப்பட்டவன் என்று உனக்குத் தெரியும். அடிப்பிடித்த பாத்திரத்தைக் கட்டிலுக்கடியில் ஒளித்து வைத்தவன். இந்தக் கடிதத்திலும் ஒன்றை ஒளிக்கத்தான் நினைத்தேன். உன் குறிப்பைக் கேட்ட பிறகு மனசு வரவில்லை. சளிப் பரிசோதனையில் கிருமி இன்னும் இருக்கிறது. இந்த மாத்திரைகளுக்கு அது மசியவில்லை என்று டாக்டர் வேறு மாத்திரைகள் மாற்றியிருக்கிறார். எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது.

நீ வந்து பக்கத்தில் உட்கார்ந்தால் பயம் பாதி குறையும். ஆனாலும் வராதே. நீங்கள் தேடும் மருந்து என் நேரத்துக்கு வராமல் போகலாம், அது எனக்குத் தெரியும். நான் நிற்கிற ஸ்டாப்புக்கு வண்டி வராது என்பதற்காக டிரைவரை இறங்கச் சொல்வேனா? இத்தனை வருஷம் பஸ் ஓட்டியவன் நான்.

இன்னொரு விஷயம். என் சளியிலிருந்து வளர்த்த கிருமியை உங்களைப் போன்ற ஆய்வுக்கூடங்களுக்கு அனுப்பலாமா என்று டாக்டர் கேட்டார். சரி என்று கையெழுத்துப் போட்டுவிட்டேன். பெயர் இருக்காதாம், வெறும் எண்தானாம். எனவே எது என்னுடையது என்று உனக்குத் தெரியப்போவதில்லை. உன் மேஜைக்கு வரும் ஒவ்வொன்றையும் என்னுடையது என்றே நினைத்துக்கொள். ஒன்றுக்கும் இரக்கம் காட்டாதே. நேரத்துக்குச் சாப்பிடு.

இப்படிக்கு,
உன் டிரைவர்